வெறும் வலையின் விலை

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப்பவர் ஒருவர் படகுக்கு மோட்டார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். கடைக்காரர் கேட்கிறார். மானிய விண்ணப்பப் படிவம் கேட்கிறது. கடன் கொடுப்பவர் கேட்கிறார். டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவரும் கேட்கிறார். குதிரை ஏறியே பழகாத நெய்தல் நிலத்து மக்கள் தம் பிழைப்பைக் குதிரைகளின் எண்ணிக்கையால் அளக்க நேர்ந்தது ஒரு வேடிக்கைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றும் கிடைக்காமல் கரை திரும்பும் நாளுக்கு என்ன விலை?

தமிழ் கற்பிக்கும் எனக்கும் மோட்டாருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. என் பழைய மாணவன் ஒருவன் வழியாக வந்த தொடர்பு இது. காட்டூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். இளங்கலைத் தமிழ் முடித்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில் ஆறு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத ஒரு மாதத்தில், அப்பாவின் படகுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தான். மோட்டார்க் கம்பெனிகளின் ஆங்கிலக் கையேடுகளைச் சேர்ந்து படித்துப் பார்க்கவும், விண்ணப்பத்தை எழுதவும் என்னிடம் வந்தான். ஓரிரு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆயிற்று. அவனுக்கும் அவன் தந்தைக்கும் இடையே நடந்த நீண்ட, அமைதியான வழக்கில் நானும் ஒரு சாட்சியாக அமர்ந்திருந்தேன்.

படகு பழைய ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு இக்கரையெங்கும் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட படகுகளின் இனம். பெரும்பாலும் ஏரியில், சில பருவங்களில் முகத்துவாரம் கடந்து கடலில். மகன் விரும்பியது 25 குதிரைத்திறன் கொண்ட ஜப்பானிய அவுட்போர்டு. தந்தை விரும்பியது அதில் பாதிக்கும் குறைவு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஏரியைச் சற்று அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு சிறு கடல். இறங்கி நின்றால் பல இடங்களில் இடுப்புக்குமேல் நனையாது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. கோடையில் நீர் வற்றிக் கடலைவிடவும் கரிக்கிறது. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடுவதும், மழையிலோ மண்வெட்டியிலோ மறுபடி திறப்பதும் இங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை.

ஒரு மீட்டர் நீரில் அவுட்போர்டின் நிலை என்ன? இந்த மோட்டார்களின் தண்டு, அதாவது ஷாஃப்ட், 15 அங்குலம், 20 அங்குலம் என்று குட்டை, நெட்டையாக வருகிறது. படகின் பின்சுவர் உயரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் அலையில் படகு எழும்போது புரொப்பெல்லர் காற்றைக் கடையும். நெட்டையாக இருந்தால் சேற்றை உழும். எப்படிப் பொருத்தினாலும் புரொப்பெல்லர் படகின் அடிக்குக் கீழேதான் சுழல வேண்டும். தவிர, இவ்வகை மோட்டார் தான் ஓடும் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கலங்கிய ஆழமற்ற நீரில் அது உறிஞ்சுவது பாதி மண். உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்தால் குளிர்நீர் ஏறாது. ஒரு நாள் நடுநீரில் இயந்திரம் சூடேறி நிற்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்கிறது கையேடு. குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் இந்த வாக்கியத்தை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது பெரியவர் சிரித்துக்கொண்டார்.

இதற்கு மாற்றாகத் தமிழகக் கரையில் பரவியிருப்பது லாங்டெயில் என்று எல்லோரும் சொல்லும் டீசல் இன்ஜின். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் படகின் பின்புறத்தில் ஓர் அச்சில் அமர்ந்திருக்கும். அதிலிருந்து பல அடி நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு வால்போல நீண்டு முனையில் புரொப்பெல்லரைத் தாங்கியிருக்கும். கைப்பிடியை அழுத்தினால் வால் மேலெழும். சேறு வந்தாலும் வலை வந்தாலும் தூக்கிக்கொள்ளலாம். லோம்பார்டினி என்ற இத்தாலியப் பெயர் நம் கரைகளில் வழங்குவது இதனால்தான். இதே குடும்பத்து இன்ஜின்கள் டீசல் ஆட்டோக்களிலும் ஓடியவை. பழுது பார்க்க ஆள் கிடைக்கும். குறைகளும் உண்டு. கனம் அதிகம், வேகம் குறைவு. சத்தமோ, அருகில் இருப்பவரோடு பேசவே முடியாது. பல ஆண்டுகள் இதை ஓட்டியவர்களில் பலருக்குக் காது மந்தமாகியிருக்கிறது. பெரியவரிடமும் நான் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

இனி எரிபொருள். எளிய கணக்கு ஒன்று உண்டு. டீசல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். பழைய வகை டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் அதே வேலைக்கு அரை லிட்டரோ அதற்கு மேலோ கேட்கும். லிட்டருக்கு 20 மில்லி என்ற அளவில் எண்ணெயும் கலக்க வேண்டும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும் மோட்டார்களும் இருக்கின்றன. கேரளக் கரையில் அவற்றின் ஆட்சி நீண்டது. ஃபோர்-ஸ்ட்ரோக் கணிசமாகச் சிக்கனம், ஆனால் வாங்கும் விலையும் எடையும் கூடுதல். படகு ஆறு குதிரைத்திறன் கேட்டு மூன்று மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். டீசலில் ஏறத்தாழ நாலரை லிட்டர். டூ-ஸ்ட்ரோக்கில் ஒன்பது, பத்து லிட்டர்.

வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. நீரைப் பிளந்துகொண்டு செல்லும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையை வகுத்துவிடுகிறது. நீர்மட்டத்தில் 24 அடி நீளமுள்ள படகுக்கு அது ஏறக்குறைய ஆறரை நாட், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வலையும் ஆளும் மீனும் ஏறிய படகு அந்த எல்லையைத் தாண்ட முயன்றால் தானே எழுப்பிய அலையின்மேல் தானே ஏறவேண்டியிருக்கும். அதற்குக் குதிரைகளை அள்ளிக் கொட்ட வேண்டும். எதிர்த்திசையில் பார்த்தால் இதே விதி கருணையுள்ளது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் திறன் கால் பங்குக்கு மேல் குறையும். அதே தூரத்துக்கான எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சார்ந்த வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அதில் பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் குல்பிராண்ட்சென், சிறு மீன்படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இலேயே ஒரு கையேடு எழுதினார். மெதுவாகப் போ என்பதே அதன் முதன்மையான அறிவுரைகளில் ஒன்று.

நார்வேக்கும் நம் கரைகளுக்கும் உள்ள உறவு தனியே எழுதத் தக்கது. அவுட்போர்டு மோட்டாரை 1909இல் வணிகப் பொருளாக்கிய ஓலே எவின்ரூட், குழந்தையாக நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஒரு கோடை நாளில் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்தார், திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அதிலிருந்து பிறந்ததே மோட்டார் எண்ணம் என்று கதை சொல்வார்கள். பின் 1952இல் நார்வே, இந்தியா, ஐ.நா. ஆகியவை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்தோ-நார்வேத் திட்டம் வந்தது. எளிய மீனவரின் வாழ்வை உயர்த்துவது நோக்கம். இயந்திரப் படகும் ஏற்றுமதி இறாலும் அதன் விளைவு. நோக்கத்துக்கும் விளைவுக்கும் நடுவே யார் முன்னேறினார்கள், யார் பின்தங்கினார்கள் என்பதைப் பொருளியலாளர் ஜான் குரியன் 1985இல் விரிவாக எழுதினார். உதவி செய்ய வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இயந்திரம் வந்தபின் கடலுக்குப் போவதன் பொருளே மாறியிருந்தது.

எப்படி மாறியது? பாய்க்கும் துடுப்புக்கும் வெறும் வலை வருத்தம் தருவதுதான். ஒரு நாள் உழைப்பு வீண், வீட்டில் அடுப்பு மந்தம். ஆனால் அன்றைய நாள் அன்றோடு முடிந்துவிடும். வாடையும் கொண்டலும் கச்சானும் கணக்கு எழுதி வைத்துக்கொள்வதில்லை. மோட்டார் வந்தபின் வெறும் வலைக்கு ஒரு விலை உண்டு. அது படகு கரையை விட்டு நகரும் முன்பே செலுத்தப்பட்டுவிடுகிறது, பெரும்பாலும் பிறர் பணத்தில். மீனவன் இன்று கடனோடு புறப்படுகிறான். மீன் கிடைத்தால் கடன் தீர்கிறது. கிடைக்காவிட்டால் நாளைய மீனை இன்றே விற்றுவிட்டவனாகிறான். முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைப் போடவேண்டும் என்பதும், விலையை அவரே சொல்வார் என்பதும் இக்கரைகளின் எழுதாத ஒப்பந்தம். ஆகவே மோட்டாரின் திறனைத் தேர்வது என்பது வெறும் வலைக்கு எவ்வளவு விலை கொடுக்கத் தயார் என்று முடிவு செய்வதும்தான்.

பெரியவர் இதை இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. "சார், கடையில எல்லாரும் போற கணக்கத்தான் சொல்றாங்க. சும்மா வர்ற கணக்க ஒருத்தரும் சொல்லல" என்றார்.

இலக்கியம் படித்தவர்களான நாமும் அதை அதிகம் சொன்னதில்லை. நெய்தல் திணையை நான் இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். இரங்கல் உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். திமில், அம்பி, பஃறி, தோணி என்று கலங்களின் பெயர்களைச் சொல்லி மாணவர்களை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். கரையில் காத்திருப்பவளின் துயரத்துக்கு நம்மிடம் ஆயிரம் நிறங்கள் உண்டு. படகின் விலைக்கு நிறம் குறைவு. தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது. தமிழில் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்தோம். கடலம்மாவையும் கற்பையும் பற்றிய நாவலாகவே அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தத் துயரத்தின் முதல் முடிச்சு ஒரு கடன். வள்ளமும் வலையும் வாங்குவதற்காகச் செம்பன்குஞ்சு பரீக்குட்டியிடம் வாங்கி, திருப்பிக் கொடுக்காத பணம். கறுத்தம்மாவின் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பது காதல் மட்டுமல்ல, தீராத அந்தக் கடனும்தான். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் மூளும் பகையைச் சொன்னது. இந்த இரண்டு நாவல்களையும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் வேறு விதமாகப் படிக்கிறார்கள். 'செம்மீன்' நடத்திய ஒரு நாள் இதே மாணவன் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஐயா, பரீக்குட்டி எவ்வளவு குடுத்தாரு?"

ஏரியின் உள்சட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இறால் விளையும் இடங்களை முறைவைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பங்கிட்டுக்கொள்வது. செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. பாடு உள்ளவனுக்கு வேகத்தால் பயனில்லை. முந்திப் போனாலும் பிந்திப் போனாலும் அன்றைய இடம் அவனுடையது. குதிரைத்திறனை வீணாக்கிவிடும் அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் ஏரியைச் சுற்றி உண்டு. பாட்டில் பங்கில்லாத பிற ஊரார், பிற சாதியார், சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள். முறை இல்லாதவனுக்குத் தூரம்தான் முறை. என் மாணவனின் குடும்பத்துக்குப் பாட்டில் இடமில்லை. அவன் பெரிய மோட்டார் கேட்டதன் நியாயம் இதில் இருக்கிறது.

அவனுக்கு வேறு நியாயங்களும் இருந்தன. சந்தைக்கு முதலில் வரும் நண்டுக்கு ஒரு விலை, மூன்றாவதாக வருவதற்கு வேறு விலை. முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தைக் கடக்கும் சில நொடிகளில் கையில் திறன் மிச்சம் இருக்க வேண்டும். அங்கே சிக்கனம் பேசினால் படகு குறுக்கே திரும்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஏரியே குறைந்துகொண்டு வருகிறது. வண்டல் ஏறுகிறது. தெற்கே எண்ணூரில் 2001இலும், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்துவிட்டன. "ஏரியை நம்பிச் சின்ன மோட்டார் வாங்கினா, ஏரி நம்மளக் கைவிட்டா என்ன பண்றது ஐயா?" என்றான். அவனுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. சிறிய மோட்டார் என்பது அருகில் மீன் இருக்கும் என்ற நம்பிக்கை. பெரிய மோட்டார் அந்த நம்பிக்கை போய்விட்டதன் அடையாளம். இரண்டில் எது விவேகம் என்பதைக் கையேடு சொல்வதில்லை.

இடையில் மின்மோட்டாரைப் பற்றியும் விசாரித்தோம். கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் பயணிகள் படகு காயலில் ஓடுகிறது. காற்றைப் போலவே வெயிலும் கணக்கு எழுதி வைப்பதில்லை என்பதால் எனக்கு அதில் ஓர் ஈர்ப்பு. ஆனால் கடன் அங்கே எரிபொருளிலிருந்து பேட்டரிக்கு இடம் மாறுகிறது. தினமும் சிறுகச் சிறுகக் கொடுப்பதற்குப் பதில் முதல் நாளே மொத்தமாகக் கொடுக்க வேண்டும். மாதத் தவணைக்கே யோசிக்கும் வீட்டில் அந்தப் பேச்சு நீளவில்லை.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளி சார்ந்த இனங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம் என்பது விதி. மானியம் வாங்கும் விலையைத்தான் குறைக்கும். ஓட்டும் விலைக்கு அது பொறுப்பேற்காது. குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று பெரிய இயந்திரத்தை வாங்குபவன், அந்தச் சலுகையைச் சில ஆண்டுகளில் எரிபொருளாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

கடைசியில் தீர்த்துவைத்தது தந்தையின் நினைவுதான். கடந்த ஓராண்டில் எத்தனை முறை கடலுக்குப் போனோம், எத்தனை முறை ஏரியில் நின்றோம், எத்தனை நாள் சும்மா வந்தோம் என்று மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அமாவாசை, பௌர்ணமி, திருவிழா, மழை என்று அவருக்கு அடையாளங்கள் இருந்தன. மகன் எழுதிக்கொண்டான். ஏறக்குறைய நான்கில் ஒரு நாள் சும்மா. அந்த நாட்களை மட்டும் தனியே கூட்டி, மூன்று மோட்டார்களின் லிட்டர்களால் பெருக்கிப் பார்த்தோம். 25 குதிரைத்திறன் வரிசையில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். அது கிடங்கில் அவன் வாங்கிய சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மீன் பிடித்ததற்கு இல்லை, பிடிக்காததற்கு.

சுமார் பத்துக் குதிரைத்திறன் கொண்ட டீசல் லாங்டெயில் வாங்கினார்கள். மகன் ஒரு நிபந்தனை வைத்தான். முகத்துவாரத்தில் அலை பெரிதாக இருக்கும் நாட்களில் இந்த மோட்டாரோடு வெளியே போவதில்லை என்பது. தந்தை ஒப்புக்கொண்டார். அதாவது சில நாட்களை இருவரும் முன்கூட்டியே இழந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பெரிய மோட்டார்க்காரர்கள் நல்ல மீனோடு திரும்புவதை இவர்கள் கரையில் நின்று பார்க்கவேண்டியிருக்கும். சரியான தேர்வுக்கும் இப்படி ஒரு கூலி உண்டு.

அவன் இப்போது ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறான். தேதி, லிட்டர், மீன், விலை என்று நான்கு பத்தி. ஒன்றும் கிடைக்காத நாளில் மூன்றாம் பத்தியில் சுழியம் போட்டிருந்தான். தந்தை அதை மாற்றச் சொன்னாராம். போன உழைப்பும் எரிந்த எண்ணெயும் சுழியம் ஆகாது என்பது அவர் வாதம். இப்போது அந்த இடங்களில் "சும்மா" என்று எழுதப்பட்டிருக்கிறது, பக்கத்திலேயே லிட்டர் கணக்கோடு. கடைசியாகப் பார்த்த பக்கத்தில் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று, மூன்றரை லிட்டர். தாங்கக்கூடிய எண்கள் என்று அவன் சொன்னான்.